சொல்லின் பிறப்பு: பாணும் பானும் (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் வெளிநாட்டார் தங்கும் விடுதி ஒன்றில் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலை ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி ஒருவர் 'பான்' வேண்டுமென்றார். பாண் வெட்டிக் கொடுத்தேன், மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் இங்கிலாந்துக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று 'பான்' கேட்டார். அவருக்கும் பாணைக் கொண்டுபோனேன், அவர் கேட்டதோ முட்டை பொரிக்கத் தாச்சி. அதே கிழமை போலந்துக் குடும்பம் ஒன்று வந்தது. எங்கள் முகாமையாளருடன் பேசும்போதெல்லாம் அவர்கள் வாயில் 'பான்' வந்தது. கேட்டால், அது 'ஐயா' என்பதாம். இம்மூன்றும் ஒரே சொல்லா? நாம் சொல்லும் பாண் இவற்றுள் எதைச் சேர்ந்தது?
– வாசகர், உப்புவெளி

பதில்: மூன்றும் மூன்று சொற்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு வீட்டில் பிறந்து, நெடுங்காலம் தேய்ந்து, இறுதியில் ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. கூர்ந்து கேட்டால் ஆங்கிலேயரின் உயிரொலி 'பேன்' என்பதன் பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். ஆனால் அடுப்படி அவசரத்தில் அந்த வேறுபாடு காதில் விழாதது இயல்பே.

நீங்கள் முதல்நாள் கொடுத்தது சரியாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்பானியரின் 'பான்' என்பதும் நம்முடைய பாணும் உடன்பிறப்புகள். உரோமரின் லத்தீன் மொழியில் கோதுமை மாவைச் சுட்டுச் செய்த இந்த உணவுக்குப் 'பானிஸ்' என்று பெயர். அம்மொழி பல நாடுகளில் பல கிளைகளாகப் பிரிந்தபோது இத்தாலியில் அது 'பானே' ஆயிற்று, ஸ்பெயினில் 'பான்' ஆயிற்று, பிரான்சில் மூக்கொலியோடு 'பேன்' போல ஒலிக்கும் சொல்லாயிற்று. போர்த்துக்கலில் இறுதி னகர மெய் தனியே நிற்காமல் உயிரோடு கரைந்து, 'பாவ்' என்பதை மூக்கால் ஒலித்தால் எப்படியோ அப்படி மாறியது. அந்தப் போர்த்துக்கேயச் சொல்தான் நமக்குப் பாண். பாண் சுடும் போறணையும் தனியே வரவில்லை. அது அவர்களுடைய 'ஃபோர்னோ', அதற்கு முன் உரோமரின் 'ஃபுர்னுஸ்'. பண்டமும் அதைச் சுடும் இடமும் பெயரோடு சேர்ந்தே கரையிறங்கின.

இங்கிலாந்துக்காரர் கேட்ட 'பான்' பாத்திரத்தின் பெயர். டச்சுக்காரருக்கும் அது 'பான்' தான், ஜெர்மானியருக்கு 'ப்ஃபன்ன'. லத்தீனில் அகன்ற, ஆழமில்லாத கலத்தைக் குறித்த 'பதினா' என்ற சொல் சுருங்கி, பழைய ஜெர்மானியக் குடிகளின் பேச்சில் புகுந்து இவ்வாறு ஆயிற்று என்பதே பெரும்பாலான சொல்லாராய்ச்சியாளரின் கருத்து. ஆகவே 'பானிஸ்' என்னும் உணவுக்கும் 'பதினா' என்னும் கலத்துக்கும் உறவில்லை. நீங்கள் எழுதியுள்ள 'தாச்சி' என்ற சொல்லும் போர்த்துக்கேயரின் 'தாஷு' (பழைய உச்சரிப்பில் 'தாச்சோ') என்பதிலிருந்து வந்ததே. அன்றைய காலை உங்கள் கையிலிருந்ததும் அவர் கேட்டதும் ஒரே நாட்டிலிருந்து தமிழுக்கு வந்த இரு சொற்களாகின்றன.

இந்தக் கலச்சொல் வடக்கே சென்று பெற்ற பொருளை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கிறேன். சுவீடனில் 'பன்னா' என்றால் தாச்சி, 'பன்னா' என்றால் நெற்றி. டென்மார்க்கிலும் அப்படியே. டச்சு மொழியிலோ அதே சொல் சமையற்கலத்தையும் கூரை ஓட்டையும் குறிக்கும். தாச்சி, நெற்றி, கூரை ஓடு: இம்மூன்றுக்கும் என்ன பொருத்தம் என்று தமிழர் கேட்க வேண்டியதில்லை, ஏனெனில் நம்மிடமே விடை இருக்கிறது. 'ஓடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் வேய்வது ஓடு, உடைந்த மட்பாண்டத்தின் துண்டு ஓடு, துறவி கையிலேந்துவது திருவோடு, தலைக்குள் இருப்பது மண்டையோடு. 'மண்டை' என்பதும் பழந்தமிழில் உண்கலத்தையும் இரப்போர் ஏந்தும் கலத்தையும் குறித்த சொல்லே, இன்று தலையைக் குறிக்கிறது. கவிந்த, சுட்ட மண்ணாலான ஒன்றுக்கும் மனிதத் தலைக்கும் உள்ள உருவ ஒப்புமையை நம் முன்னோர் கண்டார்கள். உரோமரும் கண்டார்கள். லத்தீனில் மட்கலத்தையும் ஓட்டையும் குறித்த 'டெஸ்டா' இத்தாலியில் தலையைக் குறிக்கும் சொல்லாகவும், பிரான்சில் தேய்ந்து 'தெத்' என்னும் தலைப்பெயராகவும் இன்று வழங்குகிறது. ஜெர்மானியர் தலைக்குச் சொல்லும் 'கொப்ஃப்' கிண்ணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மக்கள் ஒரே வழியில் சிந்தித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காண்பது அரிது.

போலந்தினரின் 'பான்' முற்றிலும் வேறு குடும்பம். செக் மொழியிலும் அது தலைவனையும் பெரியவரையும் குறிக்கும். ஸ்லாவிய மக்களிடையே ஓர் ஆட்சிப் பகுதியின் தலைவனுக்கு வழங்கிய 'ஷுப்பான்' என்ற பழைய பட்டப்பெயரோடு இது உறவுடையது என்று பலர் கருதுவர். போலந்தினர் மரியாதைக்குரியவரிடம் நேர்நின்று பேசும்போதும் 'பான் வருகிறாரா, பானுக்குத் தெரியுமா' என்று படர்க்கையில் கேட்பார்கள். 'ஐயா வருகிறாரா, ஐயாவுக்குத் தெரியுமா' என்று நாமும் கேட்கும் வழக்கத்தை நினைத்தால், உங்கள் முகாமையாளருக்குக் கிடைத்த மதிப்பு விளங்கும். பாணுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஹ்லெப்'. அது பழைய ஜெர்மானியரிடம் இரவல் வாங்கியது. அதே ஜெர்மானியச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என நின்று, 'ஹ்லாஃப்வேர்ட்', அதாவது 'பாண் காப்பவன்' என்ற தொடராகி, காலப்போக்கில் 'லோர்ட்' எனக் குறுகியது. 'லேடி' என்பதும் அப்படியே 'பாணுக்கு மாப் பிசைபவள்' என்ற தொடரின் குறுக்கம். போலந்தில் தலைவனின் பெயர் பாண்போல ஒலிக்கிறது, பாணோடு அதற்கு உறவில்லை. இங்கிலாந்தில் தலைவனின் பெயரில் பாணின் ஒலி சிறிதும் இல்லை, ஆனால் அவன் பாணிலிருந்தே பிறந்தவன்.

வேறு சில 'பான்'களும் உள. கிரேக்கத்தில் அது 'எல்லாம்' என்று பொருள்படும். எல்லா மக்களையும் பற்றும் தொற்றுக்கு 'பாண்டமிக்' என்ற பெயர் அதனால் வந்தது. பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ் மக்களின் மொழியில் 'பான்' என்றால் 'பொழுது', அதாவது 'வரும்பொழுது' என்பதன் பிற்பாதி. பிரெஞ்சில் துணியின் தொங்கலையும் சுவரின் ஒரு பக்கத்தையும் குறிக்கும் 'பான்' ஒன்று உண்டு, அது துணிக்கு உரோமர் சொன்ன 'பன்னுஸ்'.

திருகோணமலைக்காரருக்கு இவை தொலைவிலுள்ள செய்திகள் அல்ல. 1620இல் டென்மார்க்கின் கப்பல்கள் இங்கே வந்தன. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை எழுப்பினர். 1639இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1782இல் ஆங்கிலேயரும் அவர்கள் பின்னே பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்து தங்கினர். நெற்றியையும் பாணையும் ஓட்டையும் துணித்தொங்கலையும் தாச்சியையும் ஏறக்குறைய ஒரே ஒலியால் குறித்த ஐந்து நாட்டாரும் இந்த ஒரு துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கிறார்கள். அவர்களுள் பண்டத்தையும் பெயரையும் சேர்த்து நம் வாயில் விட்டுச் சென்றவர், ஆலயத்தை இடித்தவரே.

கேள்வி: உயர்தரத்தில் தமிழ் பயிலும் மாணவி நான். ஆங்கிலத்தின் 'பான்' நம்முடைய 'பானை'யிலிருந்து சென்றது என்று முகநூலில் படித்தேன். ஒலியும் ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது. பிறகு ஏன் அறிஞர்கள் ஏற்பதில்லை? இரண்டு சொற்கள் ஒன்றா வேறா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– வாசகி, கிண்ணியா

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், மகளே. ஒலியும் பொருளும் ஒத்தால் போதும் என்று கொள்வோமானால், உப்புவெளி வாசகர் பட்ட பாட்டை நாம் எல்லாரும் பட வேண்டிவரும். சொற்களின் உறவைத் தீர்மானிப்பது இன்றைய தோற்றம் அன்று. பழைய வடிவங்களும், அயல் மொழிகளில் அவற்றின் உடன்பிறந்த சொற்களும், ஒழுங்காக நிகழ்ந்த ஒலிமாற்றங்களுமே தீர்மானிக்கின்றன.

கொஞ்சம் பொறுமையாக இந்த ஒரு சொல்லையே பார்ப்போம். லத்தீனும் ஆங்கிலமும் ஜெர்மனும் மிகப் பழைய ஒரு தாயின் மக்கள். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில், ஜெர்மானியக் கிளையில் சொல்லின் முதலிலிருந்த பகரம் ஃபகரமாக மாறியது. லத்தீனில் தந்தை 'பாத்தெர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. அங்கே மீன் 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. ஜேக்கப் கிரிம் என்ற ஜெர்மானிய அறிஞர் 1822இல் இவ்வொழுங்கை விரிவாக எடுத்துக்காட்டினார். இப்போது எண்ணிப் பாருங்கள்: தாயிடமிருந்து நேராக வந்த சொல்லாயின் ஆங்கிலத்தில் அது ஃபகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். 'பான்' பகரத்தோடு நிற்கிறது. ஆகவே அது அந்த மாற்றம் முடிந்தபின் வெளியிலிருந்து வந்த சொல்.

எப்போது வந்தது? ஏறக்குறைய கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் தென் ஜெர்மனியின் பேச்சில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கே சொல்முதற் பகரம் 'ப்ஃப' ஆயிற்று. ஆங்கிலத்தில் மிளகு 'பெப்பர்', ஜெர்மனில் 'ப்ஃபெஃபர்' (இது வடமொழிப் பிப்பலி, நம்முடைய திப்பலி, கிரேக்கம் வழியாகவும் லத்தீன் வழியாகவும் சென்று சேர்ந்தது). றாத்தல் ஆங்கிலத்தில் 'பவுண்ட்', ஜெர்மனில் 'ப்ஃபுண்ட்'. தாச்சி ஆங்கிலத்தில் 'பான்', ஜெர்மனில் 'ப்ஃபன்ன'. அந்த மாற்றத்துக்குத் தானும் உட்பட்டிருப்பதால், அது நிகழுமுன்பே இச்சொல் அங்கே குடியேறிவிட்டது என்பது உறுதி. முதல் மாற்றத்துக்குப் பின், இரண்டாம் மாற்றத்துக்கு முன்: அதாவது உரோமரும் ஜெர்மானியரும் எல்லையில் கலந்து வாழ்ந்து, வாணிகமும் போரும் செய்த காலம். கோட்டை வாயிலில் இரட்டைக் கயலோடு இருக்கும் தமிழ்க் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டு பொறிக்கப்படாத கல்லுக்கும் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பது போன்றதே இதுவும்.

பானை அங்கே செல்வதற்கு அந்தக் காலத்தில் வழி இருந்திருக்க வேண்டும், வழியில் தடமும் இருந்திருக்க வேண்டும். திப்பலிக்கு அப்படித் தடம் உண்டு, கிரேக்கரும் உரோமரும் எழுதி வைத்திருக்கிறார்கள். பானைக்கு இல்லை. கலத்தைக் குறிக்கத் தங்களிடமே 'பதினா' வைத்திருந்த உரோமரின் வாயிலாகவே ஜெர்மானியர் பாத்திரங்களைப் பெற்றார்கள். தமிழிலிருந்து உண்மையிலேயே சென்ற சொற்கள் வேறு முகத்தோடு இருக்கும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை ஐரோப்பியர் நம் கரைக்கு வந்தபின்பே அவர்கள் எழுத்தில் தோன்றுகின்றன, நம் பொருளையே சுமந்து நிற்கின்றன. அந்தச் சொற்களின் பெருமை உறுதியானது. உறுதியில்லாத ஒன்றை அவற்றோடு சேர்த்தால் உறுதியானதையும் பிறர் ஐயுறுவார்கள் என்பதே என் கவலை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஃபூட்' என்கிறோம். அதுவும் லத்தீனின் 'பானிஸ்' என்பதும் ஊட்டுதல், பேணுதல் என்ற பொருளுடைய ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்று ஆய்வாளர் கொள்வர். பகரத்துக்கு ஃபகரம் வந்து நிற்பதைக் கவனியுங்கள், கிரிம் காட்டிய ஒழுங்கு பிசகாமல் இருக்கிறது. ஆட்டுமந்தை காக்கும் கிரேக்கத் தெய்வம் ஒன்றுக்குப் 'பான்' என்று பெயர். அதையும் அவ்வேரோடு சேர்ப்பவர் உண்டு. பழங்கிரேக்கரோ தங்கள் மொழியில் 'எல்லாம்' என்று பொருள்படும் 'பான்' காதில் ஒலித்ததால், எல்லாருக்கும் மகிழ்ச்சி தந்ததால் அப்பெயர் பெற்றான் என்று கதை சொன்னார்கள். ஒலி ஒற்றுமை தாய்மொழியாளரையே வழிதவறச் செய்யும் என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

வேல்ஸ் மொழியின் 'பான்' பற்றியும் ஒரு வார்த்தை. அம்மொழியில் பழைய 'க்வ' என்ற ஒலி பகரமாக மாறியது. லத்தீனில் நான்கு 'க்வத்துவோர்', வேல்ஸில் 'பெத்வார்'. லத்தீனில் ஐந்து 'க்வின்க்வே', வேல்ஸில் 'பிம்ப்'. ஆகவே அவர்களுடைய 'பான்' லத்தீனின் 'க்வாந்தோ'வுக்கும் ஆங்கிலத்தின் 'வென்' என்பதற்கும் உறவு. ஆங்கிலத் தாச்சிக்கு அல்ல.

கேள்வி: சங்கப் பாடல்களில் வரும் பாணருக்கும் நாம் உண்ணும் பாணுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், மூதூர்

பதில்: இல்லை. பழந்தமிழில் 'பாண்' என்றால் பாட்டு. அதனைத் தொழிலாகக் கொண்டவர் பாணர், 'பண்' என்பதும் அதன் அருகிலுள்ள சொல். அந்தப் பாண் போர்த்துக்கல் என்ற நாடு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மிடம் இருந்தது. 'மா' என்ற ஓரெழுத்து மரத்தையும், விலங்கையும், பாணுக்குக் குழைக்கும் கோதுமை மாவையும், வடமொழி வழிவந்த 'பெரிய' என்ற பொருளையும் குறிப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். பாண் என்பது பறங்கிச் சொல் என்றால், பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது அதை விலக்கி 'வெதுப்பி' என்று எழுதப் பழக்க வேண்டாமா? மும்பாயில் 'பாவ்' என்று சொல்லப்படுவதும் இதுதானா? அப்படியாயின் நமக்கு மட்டும் ணகரம் எங்கிருந்து வந்தது?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: ஐயா, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மும்பாயின் பாவும் நமது பாணும் ஒரே போர்த்துக்கேயச் சொல். அச்சொல்லின் முடிவில் வகரச் சாயலும் மூக்கொலியும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. அத்தகைய ஒலி இந்திய மொழிகளின் எழுத்தில் முழுமையாக அமையாது. மேற்குக் கரையார் வகரத்தைக் கேட்டுப் 'பாவ்' என்றார்கள், நாம் மூக்கொலியைக் கேட்டு மெல்லின மெய்யால் முடித்தோம். இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அவர்களுடைய 'பொத்தாவ்' நமக்குப் பொத்தான் ஆயிற்று, கப்பல் தலைவனாகிய 'கப்பித்தாவ்' கப்பித்தான் ஆனான், கூவி விற்கும் 'லெய்லாவ்' ஏலம் ஆயிற்று. எங்கும் ஒரே முடிவு, எங்கும் மெல்லினம். சிங்களத்திலும் 'பான்' என்றே வழங்குகிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் உள்ள பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் (உள்ளூர் மொழிகளோடு கலந்து உருவான போர்த்துக்கேயம்) இன்றும் பேசப்படுகிறது என்பதால், அந்த ஒலியை நம் ஊரிலேயே கேட்டறியும் வாய்ப்பும் இருக்கிறது.

முதற் கேள்விக்கு என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பாண் சுடும் கடைக்கு இட்ட 'வெதுப்பகம்' என்பது, நீங்கள் சொல்லும் 'வெதுப்பி'யைப் போலவே, அழகாக ஆக்கப்பட்ட சொல். வெதுப்புதல் என்ற நல்ல தமிழ் வினையிலிருந்து முறையாகப் பிறந்தது, பெயர்ப்பலகைகளில் அதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பாணை விலக்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. விடியற்காலையில் போறணையின் கதவு திறந்து, நீண்ட மரத்துடுப்பால் ரோஸ் பாணை வெளியே இழுக்கும்போது தெருமுனைவரை வரும் மணத்தோடு அந்தச் சொல் நம் பிள்ளைகளின் நினைவில் சேர்ந்திருக்கிறது. 'ஒரு றாத்தல் பாணும் சம்பலும்' என்று சொல்லும்போது றாத்தலில் அரபு இருக்கிறது, பாணில் லத்தீன் இருக்கிறது, ஆனால் அந்த வாக்கியத்தைத் தமிழ் என்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை. ணகரத்தால் முடித்து, 'பாணை, பாணுக்கு, பாணோடு' என்று வேற்றுமை ஏற்றுத் தமிழ் இலக்கணத்துக்குள் அது அடங்கி நானூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. பிள்ளைகள் இரண்டையும் அறியட்டும். கடையில் கேட்கும் சொல்லைக் கட்டுரையில் எழுதியதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

விலக்கத் தொடங்கினால் எல்லை எங்கே என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. லத்தீனில் 'கொம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் பாண். உடனிருந்து பாண் பகிர்ந்து உண்பவன் 'கொம்பானியோ', அதாவது தோழன். பழைய ஜெர்மானியரிடமிருந்த 'உடன்-பாணன்' என்பது போன்ற தொடரைப் பார்த்து லத்தீனில் ஆக்கிக்கொண்ட சொல் அது என்பர். அத்தகைய தோழர் பலர் கூடிய கூட்டத்துக்கும், பின்னர் வாணிகக் கூட்டுக்கும் அதிலிருந்தே பெயர் வந்தது. 1602இல் டச்சுக்காரர் அமைத்த கிழக்கிந்தியக் கூட்டுக்கும் அதுவே பெயர், ஆங்கிலேயர் கூட்டுக்கும் அதுவே பெயர். நம் முன்னோர் அதைக் 'கும்பினி' என்றார்கள், நாம் 'கம்பனி' என்கிறோம். போர்த்துக்கேயர் வெளிப்படையாகக் கொண்டுவந்த அதே உரோமப் பாண், டச்சுக்காரர் நம் கோட்டையில் ஏற்றிய கொடியின் பெயருக்குள்ளும் மறைந்து வந்திருக்கிறது.